வீட்டுக்காரர் கண்ணில் படாமல் இணையம் பார்க்க, சொந்தமாக ஒரு ப்ராக்ஸி

கோலாலம்பூர் செந்தூலில் ஓர் அறையில் வாடகைக்கு இருக்கிறேன். வாடகையில் தண்ணீர், மின்சாரம், வைஃபை எல்லாம் அடக்கம். ஒரு நாள் காலையில் சமையலறையில் மைலோ கலக்கிக்கொண்டிருந்தபோது வீட்டுக்கார அங்கிள் வந்து, "ஏன்மா, ரூம் பிடிக்கலையா? வேற இடம் பாக்குறியா?" என்று கேட்டார். முந்தைய இரவு ஒரு மணிக்கு அறை வாடகைத் தளங்களைத்தான் மேய்ந்துகொண்டிருந்தேன். யாரிடமும் வாய் திறக்கவில்லை. அங்கிள் சோதிடரும் இல்லை. தன் பேரப்பிள்ளைகளுக்காக ரூட்டரில் கண்காணிப்பு வசதியைப் போட்டு வைத்திருக்கிறார். எந்தக் கருவி எந்தத் தளத்துக்கு எத்தனை மணிக்குப் போனது என்று அவர் கைப்பேசி ஆப்பில் வரிசையாக வந்து நிற்கிறது.

அன்று மாலையே ப்ராக்ஸி போடுவது என்று இறங்கினேன். இரண்டு மாலையில் முடிய வேண்டிய வேலை இரண்டு வாரம் இழுத்தது. நான் கணினி படித்தவள் இல்லை, கணக்கு எழுதுகிறவள். விண்டோஸ் மடிக்கணினி, ஃபயர்பாக்ஸ், மலேசிய வங்கிக் கார்டு இந்த மூன்றும் உங்களிடம் இருந்தால் கீழே உள்ளது போதும்.

1. யார் கண்ணுக்கு மறைக்கிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

ப்ராக்ஸி என்பது, நீங்கள் போகாமல் தம்பியை அனுப்பி நாசி லெமாக் தாப்பாவ் வாங்கி வரச் சொல்வது மாதிரி. கடைக்காரருக்குத் தம்பியின் முகம்தான் தெரியும், உங்களைத் தெரியாது. ஆனால் நீங்கள் எந்தக் கடையில் வாங்குகிறீர்கள் என்பது தம்பிக்கு ஒன்று விடாமல் தெரியும். ஆக, ரகசியம் காணாமல் போவதில்லை, கை மாறுகிறது. தம்பி யார் என்பதுதான் இந்த வேலை முழுவதிலும் முக்கியமான கேள்வி.

இன்னொரு விஷயம். தம்பியிடம் வாசலில் நின்று சத்தமாகச் சொன்னால் அங்கிளுக்கும் கேட்கும். பிரௌசர் அமைப்பில் ஒரு முகவரியையும் போர்ட் எண்ணையும் போடும் சாதாரண ப்ராக்ஸி அப்படித்தான் வேலை செய்கிறது. உங்கள் கணினிக்கும் ப்ராக்ஸிக்கும் இடையே எந்த மறைப்பும் இல்லை. 'இந்தத் தளத்துக்கு இணைப்புக் கொடு' என்ற கோரிக்கை ரூட்டர் வழியாக அப்பட்டமாகத்தான் போகும். சாக்ஸ் 5 வகை ப்ராக்ஸியும் தானாக எதையும் மறையாக்கம் செய்வதில்லை. நான் முதல் வாரம் முழுவதும் இது தெரியாமல், ப்ராக்ஸி போட்டாயிற்று என்று நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன்.

எனவே நமக்கு வேண்டியது இரண்டு. ப்ராக்ஸி வேண்டும், அதுவரைக்கும் போக மூடிய குழாய் ஒன்றும் வேண்டும். தூரத்தில் இருக்கும் ஒரு கணினியோடு மறையாக்கத்தோடு பேச உதவும் எஸ்எஸ்எச் என்ற வசதி இரண்டையும் ஒன்றாகத் தருகிறது. இனி வருவதெல்லாம் அதைப் பற்றித்தான்.

இது எதை மறைக்காது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். கூகுளிலோ ஃபேஸ்புக்கிலோ உங்கள் கணக்கில் நுழைந்துவிட்டு எத்தனை ப்ராக்ஸி போட்டாலும் அவர்களுக்கு நீங்கள் நீங்கள்தான். குக்கீகளும் அப்படியே இருக்கும். குழாயின் மறுமுனைக்கு ஒரு சர்வர், அதாவது எப்போதும் இணையத்தில் இருக்கும் ஒரு கணினி வேண்டும். அதை உங்கள் பெயரில், உங்கள் கார்டில் வாடகைக்கு எடுக்கப் போகிறீர்கள். அதனால் முகமூடி என்று நினைக்காதீர்கள், இது வெறும் ஜன்னல் திரை. ப்ராக்ஸி வைத்திருப்பதற்காக யாரும் உங்களைப் பிடிக்கப் போவதில்லை. ஆனால் அதன் வழியாக யாரையாவது மிரட்டியோ அவதூறாகவோ எழுதினால், 1998ஆம் ஆண்டின் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233ஆவது பிரிவு எப்போதும் போலத்தான் வேலை செய்யும்.

பத்து காசு கூடச் செலவழிக்க மனமில்லாதவர்களுக்கு ஒரு சின்ன வழி உண்டு. ஃபயர்பாக்ஸ் அமைப்பில் 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி' பகுதிக்குப் போய் 'டிஎன்எஸ் ஓவர் எச்டிடிபிஎஸ்' என்பதை உயர்ந்த பாதுகாப்பில் வையுங்கள். டிஎன்எஸ் என்பது, தளத்தின் பெயரைக் கொடுத்தால் அதன் எண் முகவரியைத் தரும் தொலைபேசிப் புத்தகம் மாதிரி. ரூட்டர் வெறும் டிஎன்எஸ்ஸைப் பார்த்துப் பட்டியல் போடுகிறதென்றால் அதிலேயே கணிசமாகக் குறையும். ஆனால் இணைப்பு தொடங்கும்போது தளத்தின் பெயர் பெரும்பாலும் வெளியே தெரியத்தான் செய்யும், அதனால் பாதித் தீர்வுதான். இன்காக்னிட்டோ சாளரம் கால் தீர்வு கூட இல்லை. அது உங்கள் கணினியில் வரலாற்றைச் சேமிக்காமல் விடுமே தவிர, ரூட்டருக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

2. இலவசப் பட்டியல்கள் பக்கம் போகாதீர்கள்

தேடினால் 'இலவச ப்ராக்ஸி' என்று நூற்றுக்கணக்கான எண் முகவரிகள் கிடைக்கும். 8080, 3128, 1080 என்று பக்கத்தில் போர்ட் எண் இருக்கும். நானும் இரண்டு நாள் அதில் குப்பை பொறுக்கினேன். பத்தில் எட்டு திறக்கவே இல்லை. திறந்ததும் ஆமை வேகம். ஒன்றில், நான் படித்துக்கொண்டிருந்த செய்திப் பக்கத்தில் அந்தத் தளத்துக்குச் சம்பந்தமே இல்லாத சூதாட்ட விளம்பரம் வந்து உட்கார்ந்தது. எச்டிடிபிஎஸ் (முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுப் படம் காட்டும் மறையாக்கம்) இல்லாத பக்கம் என்றால் நடுவில் இருப்பவர் எதை வேண்டுமானாலும் செருகலாம்.

இதைவிட மோசமானது ஒன்று இருக்கிறது. சில இலவசச் சேவைகள், 'சீராக வேலை செய்ய இந்தச் சான்றிதழை நிறுவுங்கள்' என்று கேட்கும். அந்த ரூட் சான்றிதழை நிறுவினால், பூட்டுப் படம் போட்ட பக்கங்களையும் அவர்கள் திறந்து படிக்க முடியும். கடவுச்சொல், வங்கிப் பக்கம் எல்லாம் அதில் அடங்கும். சான்றிதழ் என்ற சொல் வந்தாலே சாளரத்தை மூடுங்கள்.

முகம் தெரியாத ஒருவர் காசு வாங்காமல் உங்கள் போக்குவரத்தை எல்லாம் சுமக்கிறார் என்றால், அவருக்கு அங்கிளைவிட அதிக ஆர்வம் இருக்கிறது என்று அர்த்தம். அங்கிளாவது நேரில் வந்து கேட்டார்.

காசு கொடுத்து வாங்கும் விபிஎன், அதாவது மூடிய குழாயையும் சர்வரையும் சேர்த்தே தரும் சேவை, தவறில்லை. பொத்தானை அழுத்தினால் வேலை முடிந்தது. அங்கே தம்பி ஒரு கம்பெனி, அவ்வளவுதான் வித்தியாசம். நானே தம்பியாக இருக்க விரும்பினேன்.

3. கார்டையும் ஆவணங்களையும் தயார் செய்யுங்கள்

எனக்கு அதிக நாள் பிடித்தது இந்த இடத்தில்தான். அதனால் சர்வர் தளத்தைத் திறக்கும் முன்பே இதை முடியுங்கள்.

கார்டு: விசா அல்லது மாஸ்டர்கார்ட் சின்னம் உள்ள டெபிட் கார்டு போதும். ஆனால் நம் ஊர்க் கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை வழக்கமாக மூடியே இருக்கும். வங்கி ஆப்பில் கார்டு அமைப்புக்குப் போய் வெளிநாட்டுப் பயன்பாட்டையும் இணையக் கட்டணத்தையும் தனித்தனியாகத் திறக்க வேண்டும். நான் ஒன்றைத் திறந்து மற்றொன்றை மறந்து, மூன்று முறை நிராகரிக்கப்பட்டேன். கார்டில் பணமே இல்லையோ என்று ஏடிஎம் வரைக்கும் நடந்து போய்ப் பார்த்தேன். அண்மையில்தான் புதுப் போன் வாங்கி வங்கி ஆப்பை மாற்றியிருக்கிறீர்களா? ஒப்புதல் கொடுக்கும் வசதி பல வங்கிகளில் 12 மணி நேரம் கழித்துத்தான் உயிர் பெறும். அதையும் கணக்கில் சேருங்கள்.

பெயரும் முகவரியும்: கார்டில் உள்ள பெயரையே கணக்கிலும் கொடுங்கள். 'அ/பெ' போன்றவற்றை ஒரு இடத்தில் போட்டு இன்னொரு இடத்தில் விட்டால் சரிபார்க்கிறவர் குழம்புவார்.

அடையாள அட்டை: எல்லாரிடமும் கேட்பதில்லை, சந்தேகம் வந்தால் கேட்பார்கள். மைகார்டா பாஸ்போர்ட்டா என்று அவர்கள் விருப்பம் கேட்டால் நான் பாஸ்போர்ட்டைக் கொடுப்பேன். வீட்டு முகவரி அதில் இருக்காது. எதை அனுப்பினாலும், நாம் ஐசி நகலில் இரண்டு கோடு கிழித்து 'இந்தக் காரியத்துக்கு மட்டும்' என்று எழுதுவோமே, அதையே படத்தின் மேலும் ஆங்கிலத்தில் தேதியோடு எழுதி அனுப்புங்கள். எழுத்து உங்கள் எண்ணையோ முகத்தையோ மறைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், மறைத்தால் மறுபடியும் கேட்பார்கள்.

முக்கியமான கண்ணி ஒன்று. கணக்குத் திறக்கும்போது எந்த ப்ராக்ஸியும் விபிஎன்னும் ஓடக்கூடாது. நான் ஏதோ ஒரு நாட்டின் இலவச ப்ராக்ஸியை அணைக்க மறந்து, மலேசியக் கார்டைக் கொடுத்துப் பதிந்தேன். மோசடிக்காரர் செய்வதும் இதையேதான். கணக்கு உடனே முடங்கியது. மின்னஞ்சலில் விளக்கி, பாஸ்போர்ட் அனுப்பி, பதில் வர மூன்று நாள். கடைசியில் முடியாது என்றார்கள். வேறு கம்பெனியில், கைப்பேசி டேட்டாவைப் பகிர்ந்து, பதினைந்து நிமிடத்தில் முடித்தேன்.

4. சிங்கப்பூரில் ஒரு சின்ன சர்வர்

சர்வர் வாடகைக்குத் தரும் கம்பெனிகளில் டிஜிட்டல்ஓஷன், வல்டர், லினோட் ஆகிய மூன்றுக்கும் சிங்கப்பூரில் மையம் உண்டு. ஏன் சிங்கப்பூர் என்றால், பக்கத்தில் இருக்கிறது, தாமதம் கண்ணுக்கே தெரியாது. அமெரிக்காவில் எடுத்தால் ஒவ்வொரு சொடுக்குக்கும் ஒரு மூச்சு விட வேண்டியிருக்கும். அமேசானுக்கு 2024இலிருந்து மலேசியாவிலேயே மையம் இருக்கிறது, ஆனால் அவர்களுடைய பில்லைப் படிக்கத் தனிப் பயிற்சி வேண்டும். புதியவர்களுக்கு வேண்டாம்.

இருப்பதிலேயே சிறியதை எடுங்கள். டிஜிட்டல்ஓஷனில் அது மாதம் 4 டாலர்: 512 எம்பி நினைவகம், 10 ஜிபி இடம், 500 ஜிபி போக்குவரத்து. ஒரு ஆள் பிரௌசருக்கு இதுவே அதிகம். வெளிநாட்டு மின்னியல் சேவைக்கான நம் ஊர்ச் சேவை வரி 2024 மார்ச்சிலிருந்து 8 விழுக்காடு. வரியும் வங்கியின் நாணய மாற்றுக் கட்டணமும் சேர்ந்தால் மாதம் 20 ரிங்கிட்டை ஒட்டி வரும். பதியும்போது ஒரு சின்னத் தொகையைப் பிடித்து வைத்துத் திருப்பித் தருவார்கள், அதைப் பார்த்துப் பதறாதீர்கள்.

சர்வரை உருவாக்கும் பக்கத்தில் சிங்கப்பூர், உபுண்டு என்ற இயங்குதளத்தின் எல்டிஎஸ் பதிப்பு, மிகச் சிறிய திட்டம் என்று தேர்ந்தெடுங்கள். பேக்கப், கண்காணிப்பு, கூடுதல் வட்டு என்று அடுத்தடுத்து நீட்டுவார்கள். பேக்கப்புக்குத் தனிக் கட்டணம். இந்த சர்வரில் காப்பாற்ற எதுவும் இல்லை, விட்டுவிடுங்கள். கடைசிப் பொத்தானை மட்டும் இன்னும் அழுத்தாதீர்கள். முதலில் சாவி செய்ய வேண்டும்.

5. சாவி செய்வதும் குழாய் போடுவதும்

இதற்கான மென்பொருளின் பெயர் பட்டி. மாட்டுப்பட்டி இல்லை, ஜன்னல் கண்ணாடி ஒட்டுவார்களே அந்தப் பட்டி. சைமன் டாதம் என்பவர் எழுதி இலவசமாகத் தருகிறார். கூகுளில் மேலே வரும் விளம்பரத்திலிருந்து இறக்காதீர்கள், இதன் பெயரில் நச்சு நிரல்கள் உலவுகின்றன. 'பட்டி டாட் ஆர்க்' என்ற முகவரி கூட அவருடையது இல்லை. அவர் பெயரையும் சேர்த்துத் தேடி, அவருடைய சொந்தப் பக்கத்திலிருந்து விண்டோஸ் நிறுவியை இறக்குங்கள். அதோடு பட்டிஜென் என்ற சாவி செய்யும் கருவியும் வரும்.

பட்டிஜென்னைத் திறந்து, கீழே எட்டிஎஸ்ஏ வகையைத் தேர்ந்தெடுத்து 'ஜெனரேட்' அழுத்துங்கள். மவுஸை வெற்றிடத்தில் கோலம் போடுவது போல ஆட்டச் சொல்லும், ஆட்டுங்கள். பிறகு ஒரு கடவுத்தொடரைக் கொடுத்து 'சேவ் பிரைவேட் கீ' மூலம் சேமியுங்கள். இது உங்கள் சாவி, யாருக்கும் கொடுக்கக்கூடாது.

சர்வருக்குக் கொடுக்க வேண்டியது பூட்டு, அதாவது பொதுச் சாவி. இங்கே 'சேவ் பப்ளிக் கீ' என்ற பொத்தான் உங்களை ஏமாற்றும். அதில் சேமித்ததை ஒட்டினால் சர்வர் ஏற்காது, வடிவம் வேறு. சாளரத்தின் மேல்பெட்டியில் ஒரு நீண்ட வரி தெரிகிறதே, அதை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை நகலெடுத்து, சர்வர் பக்கத்தில் எஸ்எஸ்எச் கீ என்ற இடத்தில் ஒட்டுங்கள். பெட்டி சின்னது, வரி கீழே மறைந்திருக்கும், உருட்டிப் பார்த்து முழுசாக எடுங்கள். இந்த ஒரு வரிக்காக எனக்கு ஒரு சனிக்கிழமை போனது.

இப்போது சர்வரை உருவாக்குங்கள். ஒரு நிமிடத்தில் ஓர் எண் முகவரி கிடைக்கும்.

அடுத்து பட்டியைத் திறந்து அந்த முகவரியைப் போடுங்கள், போர்ட் 22. இடப்பக்கப் பட்டியலில் 'கனெக்ஷன்', அதனுள் 'எஸ்எஸ்எச்', அதனுள் 'ஆத்' என்று இறங்கினால் பிரைவேட் கீயைக் காட்டும் இடம் வரும், புதிய பதிப்புகளில் அது 'கிரெடென்ஷியல்ஸ்' என்ற உள்பக்கத்தில் இருக்கும். பிறகு 'டனல்ஸ்' பக்கம். 'சோர்ஸ் போர்ட்' என்பதில் 1080, கீழே 'டைனமிக்'. இப்போது கட்டாயம் 'ஆட்' பொத்தானை அழுத்துங்கள். மேலே உள்ள பெட்டியில் டி எழுத்தோடு 1080 என்று ஒரு வரி ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் குழாய் இல்லை. எண்ணை நிரப்பிவிட்டு ஆட் அழுத்தாமல் போகிறவர்கள்தான் அதிகம்.

'கனெக்ஷன்' பக்கத்தில் கீப்அலைவ் 60 விநாடி என்று வையுங்கள், இல்லாவிட்டால் சும்மா இருக்கும்போது இணைப்பு அறுந்துபோகும். கடைசியாக முதல் பக்கமான 'செஷன்'-க்குத் திரும்பி, ஒரு பெயர் கொடுத்து 'சேவ்' அழுத்துங்கள். அழுத்தாவிட்டால் நாளைக்கு எல்லாவற்றையும் மறுபடி நிரப்ப வேண்டும்.

'ஓப்பன்' அழுத்தியதும் சர்வரின் கைரேகையைக் காட்டி ஏற்கவா என்று கேட்கும். இந்த முதல் இணைப்பை மாமாக் கடை வைஃபையில் செய்யாதீர்கள், சொந்த டேட்டாவில் செய்யுங்கள். ஒருமுறை ஏற்ற பிறகு கேட்காது. நீங்கள் சர்வரை மாற்றாமலேயே என்றாவது 'கைரேகை மாறிவிட்டது' என்று எச்சரித்தால், அங்கேயே நிறுத்துங்கள், நடுவில் யாரோ இருக்கலாம். பயனர் பெயர் கேட்டால், டிஜிட்டல்ஓஷனில் ஆங்கிலத்தில் 'ரூட்' என்று தட்டுங்கள். கறுப்புச் சாளரத்தில் ஒரு வரவேற்புச் செய்தி வந்தால் குழாய் தயார். அந்தச் சாளரத்தை மூடாமல் கீழே இறக்கி வையுங்கள்.

இணைப்பே கிடைக்கவில்லையா? சில அலுவலக, கல்லூரி வைஃபைகள் போர்ட் 22ஐ அடைத்து வைத்திருக்கும். கைப்பேசி டேட்டாவில் முயன்று பாருங்கள். அப்புறம், அலுவலகம் கொடுத்த மடிக்கணினியில் இதைச் செய்யவே செய்யாதீர்கள். அது உங்கள் வீடு இல்லை.

6. ஃபயர்பாக்ஸில் நான்கு இடம்

அமைப்பு, 'ஜெனரல்', கடைசியில் 'நெட்வொர்க் செட்டிங்ஸ்'. 'மேனுவல் ப்ராக்ஸி'யைத் தேர்ந்தெடுங்கள். எச்டிடிபி ப்ராக்ஸி பெட்டியைக் காலியாக விடுங்கள். 'சாக்ஸ் ஹோஸ்ட்' என்பதில் 127.0.0.1 (உங்கள் கணினியையே குறிக்கும் முகவரி), போர்ட் 1080, சாக்ஸ் 5. கீழே 'ப்ராக்ஸி டிஎன்எஸ்' என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் குறி இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் பக்கம் குழாய் வழியாக வரும், ஆனால் தளத்தின் பெயரைக் கேட்கும் கேள்வி மட்டும் அங்கிள் ரூட்டர் வழியாகவே போகும். அவருக்கு வேண்டியதே அந்தப் பெயர்தான்.

ஏன் குரோம் இல்லை என்றால், விண்டோஸில் குரோம் கணினி முழுவதற்குமான ப்ராக்ஸி அமைப்பையே பயன்படுத்துகிறது. அதை மாற்றினால் மற்ற மென்பொருள்களும் சேர்ந்து தடுமாறும். ஃபயர்பாக்ஸ் தன் அமைப்பைத் தானே வைத்துக்கொள்ளும். நான் ஃபயர்பாக்ஸை ரகசியத்துக்கும் குரோமை வங்கிக்கும் என்று பிரித்துவிட்டேன். ஒன்றை மறக்காதீர்கள், ஃபயர்பாக்ஸ் மட்டும்தான் குழாய்க்குள் போகிறது. வாட்ஸ்அப், விண்டோஸ் புதுப்பிப்பு எல்லாம் பழைய வழிதான்.

7. சோதிக்காமல் நம்பாதீர்கள்

'என் ஐபி என்ன' என்று தேடி ஏதாவது ஒரு தளத்தில் பாருங்கள். சிங்கப்பூர் என்று வர வேண்டும், சர்வரின் எண் முகவரியோடு ஒத்துப்போக வேண்டும். அடுத்து 'டிஎன்எஸ் லீக் டெஸ்ட்' என்று தேடிச் சோதியுங்கள். உங்கள் இணையக் கம்பெனியின் பெயர் அங்கே வந்தால், முந்தைய கட்டத்தில் குறி விழவில்லை.

மூன்றாவது ஓட்டை வெப்ஆர்டிசி. பிரௌசரில் வீடியோ அழைப்புக்கான வசதி இது. ப்ராக்ஸியைச் சுற்றிக்கொண்டு போய் உண்மையான ஐபியைக் காட்டிக்கொடுக்கக்கூடும். முகவரிப் பட்டையில் 'அபௌட் கான்ஃபிக்' பக்கத்தைத் திறந்து, 'மீடியா பியர்கனெக்ஷன் எனேபிள்ட்' என்ற வரியைத் தேடி 'ஃபால்ஸ்' என்று மாற்றுங்கள். அதன்பின் அந்த பிரௌசரில் கூகுள் மீட் ஓடாது. எனக்கு இது தெரியாமல், ஒரு வாடிக்கையாளர் கூட்டத்துக்குப் பத்து நிமிடம் தாமதமாகப் போனேன்.

கடைசிச் சோதனை: பட்டி சாளரத்தை மூடிவிட்டு ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள். 'ப்ராக்ஸி இணைப்பை மறுக்கிறது' என்று வந்து, பக்கம் திறக்காமல் நிற்க வேண்டும். திறந்துவிட்டால், அமைப்பு எங்கோ தவறியிருக்கிறது.

8. இதன் வழியாக அனுப்பக்கூடாதவை

வங்கி. கோலாலம்பூரில் காலையில் நுழைந்தவர் பத்து நிமிடத்தில் சிங்கப்பூரிலிருந்து நுழைந்தால் எந்த வங்கிக்கும் சந்தேகம் வரும். வங்கிப் பக்கத்தில் உங்கள் கடவுச்சொல்லை அங்கிள் ரூட்டரால் எப்படியும் படிக்க முடியாது, எச்டிடிபிஎஸ் பார்த்துக்கொள்ளும். எந்த வங்கி என்பது அவருக்குத் தெரியட்டும், வாடகை அந்த வங்கியிலிருந்துதானே போகிறது.

அஸ்ட்ரோ போன்ற உள்ளூர் ஒளிபரப்புகள் நாட்டுக்கு வெளியே இருக்கிறீர்கள் என்று சொல்லும். படத் தளங்கள் பலவும் சர்வர் மைய முகவரிகளைத் தடுக்கின்றன. சில தளங்களில் 'நீங்கள் ரோபோவா' என்று போக்குவரத்து விளக்குப் படங்களை அடிக்கடி சொடுக்க வைப்பார்கள். அது விலை. எப்போதும் நேரடியாகப் போக வேண்டிய தளங்களை நெட்வொர்க் செட்டிங்ஸில் 'நோ ப்ராக்ஸி ஃபார்' என்ற பெட்டியில் எழுதி வைக்கலாம்.

கைப்பேசியில் இதை முயலாதீர்கள். வைஃபை அமைப்பில் ப்ராக்ஸி போட ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் இடம் இருக்கிறது, ஆனால் அது அந்த ஒரு வைஃபைக்கு மட்டும், எல்லா ஆப்களும் மதிப்பதும் இல்லை. கைப்பேசிக்குச் சொந்த டேட்டாவே போதும்.

9. நிறுத்தும்போது கவனம்

வேண்டாம் என்றால் சர்வரை அணைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். டிஜிட்டல்ஓஷனில் அணைத்து வைத்த சர்வருக்கும் கட்டணம் ஓடும். இடத்தைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள் அல்லவா, காலி அறைக்கும் வாடகை உண்டு. 'டிஸ்ட்ராய்' என்ற பொத்தானை அழுத்தி அழிக்க வேண்டும். பில் மாதக் கடைசியில் கணக்கிட்டு வரும் என்பதால், அழித்த பிறகும் ஒருமுறை கார்டில் சின்னத் தொகை போகும். அது போனதை உறுதி செய்துகொண்டு, கார்டை எடுத்துவிட்டு, வங்கி ஆப்பில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை மறுபடியும் மூடுங்கள். ஃபயர்பாக்ஸில் 'நோ ப்ராக்ஸி'க்கு மாற்ற மறந்தால் எந்தப் பக்கமும் திறக்காது. அப்போது வைஃபை போய்விட்டது என்று அங்கிளிடம் போய்ப் புகார் சொல்லாதீர்கள். நான் சொன்னேன்.